பனி பெய்யாத ஊரில் பனி விளையாட்டு

சுங்கை பினாங் வட்டாரத்தில் குளிர் என்றால் அடைமழை. பனிக்கட்டி என்றால் ஐஸ் கச்சாங். அங்கே அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் சக்கரக் காலணியோடு ஓடும் ஒரு பிள்ளை, "குளிர்கால ஒலிம்பிக்குக்குப் போவேன்" என்று சொன்னால் பெற்றோர் சிரித்துவிடுவார்கள். அது சிரிக்க வேண்டிய பேச்சுதானா?

2018-ஆம் ஆண்டு தென் கொரியாவின் பியோங்சாங்கில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் மலேசியா முதன்முறையாகக் கலந்துகொண்டது. சென்றவர்கள் இருவர். மலைச்சரிவுப் பனிச்சறுக்கில் ஜெப்ரி வெப். ஃபிகர் ஸ்கேட்டிங்கில் ஜூலியன் யீ. ஜூலியன் சிறுவயதில் பழகியது பனி நாட்டில் அல்ல, 1997-இல் திறக்கப்பட்ட சன்வே பிரமிட் பேரங்காடியின் பனித்தளத்தில். 2017-இல் கோலாலம்பூர் சீ விளையாட்டுப் போட்டியில் பனி விளையாட்டுகள் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டபோது அவர் தங்கம் வென்றார்.

பனித்தளம் மாயவித்தை அல்ல. சிமெண்டுத் தரைக்குள் குழாய்களைப் பதித்து, உறையாத குளிர்திரவத்தை ஓடவிடுகிறார்கள். மேலே தண்ணீரை மெல்லிய அடுக்குகளாகத் தெளிக்க, மூன்று நான்கு சென்டிமீட்டர் கனத்தில் பனி உருவாகிறது. ஃபிகர் ஸ்கேட்டிங்கிற்குச் சற்று மென்மையான பனி தேவை. ஐஸ் ஹாக்கிக்குக் கடினமான பனி. 60 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட ஒரே தளத்தில் இவ்விரண்டோடு ஷார்ட் டிராக் விரைவோட்டமும் நடத்தலாம்.

ஆனால், நம்முடைய வெப்பத்திலும் ஈரக்காற்றிலும் பனியைக் காப்பது செலவு மிக்க வேலை. குளிரூட்டும் இயந்திரம் இரவிலும் நிற்க முடியாது. ஈரப்பதத்தையும் உறிஞ்ச வேண்டும். மின்கட்டணத்தை ஈடுகட்ட, பொழுதுபோக்குக்கு வருவோரிடம் நுழைவுக் கட்டணம் வசூலிக்க வேண்டியுள்ளது. கூட்டம் குறைந்தால் தளம் மூடப்படும். பினாங்கில் புக்கிட் ஜம்புல் வளாகத்தில் இருந்த பனித்தளமும் இன்று இல்லை. தளம் போனால், அங்கே பழகிய பிள்ளைகளின் பயிற்சியும் நின்றுவிடும்.

அப்படியானால் வசதி குறைந்த பிள்ளைக்கு வழி என்ன? அமெரிக்காவின் எரின் ஜாக்சனைப் பாருங்கள். வெயில் மாநிலமான புளோரிடாவில் வளர்ந்தவர். சக்கரக் காலணியில் பல ஆண்டுகள் ஓடிய பிறகே பனிக்கு மாறினார். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் 500 மீட்டர் விரைவோட்டத்தில் தங்கம் வென்றார். தார்ச்சாலையில் பழகிய சமநிலையும் கால்வலிமையும் பனியிலும் கைகொடுத்தன.

ஆகவே, பள்ளிகள் சக்கரச் சறுக்குக்கு ஒரு மூலையை ஒதுக்கட்டும். பனித்தளம் நடத்துவோர், கூட்டமில்லாத காலை நேரத்தைக் குறைந்த கட்டணத்தில் மாணவர்களுக்குக் கொடுக்கட்டும். பெற்றோர் செய்ய வேண்டியது அதைவிட எளிது. பிள்ளை ஆசையைச் சொல்லும்போது சிரிக்காமல், காலணியின் வாரை இறுக்கிக் கட்டிவிடுங்கள்.