சரிவும் நாட்டமும்

திருவரங்குளத்து உழவர் பெருமக்களே! தமிழன்பர்களே!

ஆங்கிலத்தில் 'புரொக்கிளிவிட்டி' என்றொரு சொல் உண்டு. மாந்தனின் இயற்கையான உளப்போக்கைக் குறிப்பது அது. ஊர்ப்பெயரிலேயே குளத்தை வைத்திருக்கும் இவ்வூரார்க்கு அதன் பொருளை விளக்க அகரமுதலி வேண்டியதில்லை. இலத்தீனில் 'கிளிவசு' என்றால் சரிவு. முன்னோக்கித் தாழ்ந்த நிலம் 'புரொக்கிளிவிசு'. மழைநீர் வாரிவழியே தாழ்விடம் நோக்கி ஓடுவதுபோல், உள்ளம் தானே ஒரு பக்கம் இறங்குவதை அச்சொல் குறிக்கலாயிற்று.

ஏறுசரிவுக்கும் இலத்தீனில் சொல் இருந்தது. ஆங்கிலம் அதனையும் 'அக்கிளிவிட்டி' என எடுத்துக்கொண்டு, மலைக்கும் மேட்டுக்குமே விட்டுவிட்டது. உள்ளத்துக்கு வந்தது இறக்கம் மட்டுமே! தீய பழக்கங்களைப் பேசும்போதே அச்சொல் மிகுதியும் வாய்க்கு வருவது அதனால்தான் போலும்.

இதனைத் தமிழில் 'சென்ம வாசனை' என்பார் உளர். வடசொல் என்பது மட்டுமன்று அதன் குறை. வாசனை முற்பிறப்பிலிருந்து ஒட்டி வருவதாம், கழுவினாலும் போகாதாம்! சரிவு அத்தகையதன்று. கரையிட்டால் நீர் நிற்கும். வாய்க்கால் வெட்டினால் திரும்பும்.

பிறப்பே போக்கு என்னும் கருத்து செய்த கொடுமையைத் தமிழகம் அறியும். தச்சன் மகன் தச்சனாவதுபோல் குற்றமும் குலத்தொழிலே என வழக்காடி, 1871-இல் வெள்ளையர் குற்றப் பரம்பரைச் சட்டத்தை இயற்றினர். 1911-இல் அது திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. குற்றமே செய்யாதவனும், பிறந்த குடி ஒன்றுக்காகவே விரல்வரி பதிய வேண்டும். இரவில் காவலர்முன் தலைகாட்ட வேண்டும். எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூர் மக்கள் 1920 ஏப்பிரல் 3-ஆம் நாள் சுட்டு வீழ்த்தப்பட்டனர். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் ஒழிய 1947 வரை ஆயிற்று. அக்குடிகளில் பிறந்தோர் பின்னர்க் கற்று ஆசிரியராயினர், அலுவலராயினர். 'வாசனை' எங்கே போயிற்று?

சொல்லுக்குத் தமிழில் பஞ்சமில்லை. தளத்தில் நீர் வழிந்தோடக் கொத்தர் விடும் சரிவுக்கு 'வாட்டம்' என்று பெயர். அருமையான சொல்; ஆனால் 'மனவாட்டம்' என்றால் துயரமாகிவிடும்! 'உளச்சாய்வு' என்பது பிழையின்றிப் பொருந்தும். நல்வழிச் செல்லும் விருப்புக்கோ 'நாட்டம்' முன்பே இருக்கிறது. நாடு என்னும் வினையிற் பிறந்தது அது. நாடுவது மாந்தன் செயல், சரிவின் செயலன்று. பண்டை நூல்களில் கண்ணுக்கும் நாட்டம் என்று பெயர்.

கணக்கு வராத பிள்ளையைப் 'பிறவிப் புத்தி அவ்வளவுதான்' என்று ஒதுக்கும் ஆசிரியர், 'நாட்டம் இன்னும் பிறக்கவில்லை' என்று ஒருமுறை சொல்லிப் பார்க்கட்டும். மறுநாள் அப்பிள்ளையை முன்வரிசைக்கு அழைக்க அவர்க்கே தோன்றும்.