கொக்கின் கால் விரலைப் பாருங்கள்

பார்த்த பறவைகளையெல்லாம் எழுதிவைத்து, ஆயுள் முழுக்க அந்தப் பட்டியலை வளர்ப்பவர்கள் உலகெங்கும் உண்டு. அமெரிக்காவின் ஃபீபி ஸ்னெட்சிங்கர் 8,000க்கும் மேற்பட்ட இனங்களைக் கண்டவர். புதுப் பறவை தேடிப் போன மடகாஸ்கரில், 1999இல் வாகன விபத்தில் இறந்துபோனார்.

நமக்கு அவ்வளவு தூரம் வேண்டாம். கிழக்கிலங்கையின் வாகரைப் பக்கம் பிள்ளையோடு போனால் பனிச்சங்கேணிப் பாலத்தடியில் கொஞ்சம் நில்லுங்கள். "எல்லாம் கொக்குத்தானே அப்பா?" என்று பிள்ளை கேட்கும். கொக்குத்தான், ஆனால் ஒரே கொக்கில்லை. சின்னக் கொக்குக்குச் சொண்டும் காலும் கறுப்பு, விரல்கள் மட்டும் மஞ்சள். சேற்றிலிருந்து காலைத் தூக்கும்போதுதான் அது தெரியும். பெரிய கொக்குக்கு விரலும் கறுப்பு. மாட்டோடு திரிகிற உண்ணிக்கொக்குக்குச் சொண்டே மஞ்சள். பட்டியலில் மூன்று பெயர் ஏறிவிட்டது!

காட்டோரம் போனால் நமது தேசியப் பறவையான காட்டுக்கோழியைத் தேடுங்கள். சேவலின் செங்கொண்டை நடுவே மஞ்சள் இருக்கும். இலங்கையைத் தவிர வேறெந்த நாட்டிலும் அது இயற்கையில் இல்லை.

வடக்கிலிருந்து வலசை வரும் உள்ளான்கள் ஏப்ரலோடு திரும்பிவிடும். தொலைநோக்கி இல்லையே என்று நிற்காதீர்கள். ஒரு கொப்பியும் பென்சிலும் எடுத்துக்கொண்டு, வெயில் ஏறுமுன் பிள்ளையைக் கூட்டிப் போங்கள்.