பங்குனி வானில் வடக்கே போகிறவை
(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



கவிதை பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்தார்கள். நான் என் தோட்டத்தைப் பற்றிப் பேச எண்ணுகிறேன். கவிதை தானே அதற்குள் வந்து சேரும். அதுவும் என்னுடைய பிழையான கவிதை ஒன்று.

நம் வட்டம் தொடங்கிய ஆண்டின் பங்குனி மாதம். கிரிவலப் பாதையை அடுத்துள்ள என் வீட்டுக் கிணற்றடியில் நின்றபோது, அண்ணாமலையின் முகட்டுக்கு மேலே ஒரு பறவை வட்டமிடக் கண்டேன். சிறகை ஒருமுறைகூட அசைக்கவில்லை. அன்றிரவே ஒரு கவிதை எழுதினேன். வறண்ட மலை, உச்சிப்பொழுது, பிணம் தேடும் கழுகு என்று போகும் அது. அடுத்த கூட்டத்தில் படித்தேன், கைதட்டினீர்கள். முதல் மலரில் அச்சேறவும் செய்தது.

கூட்டம் கலைந்த பின், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அருகில் வந்து, "தம்பி, நீங்கள் பார்த்தது கழுகுதானா?" என்று கேட்டார்.

"அது குறியீடு ஐயா" என்றேன்.

"குறியீடு இருக்கட்டும். வால் எப்படி இருந்தது?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சினம் வந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

மறுநாள் காலை ஒரு பழைய தொலைநோக்கியுடன் அவரே என் தோட்டத்திற்கு வந்துவிட்டார். ஒன்பது மணிக்கு முன் மேலே பார்ப்பது வீண் என்றார். வெயில் ஏறி, பாறை சுட்டு, வெப்பக் காற்று எழவேண்டும். அந்தக் காற்றின்மீது ஏறித்தான் பெரும்பறவைகள் உயரம் பெறுகின்றன. உச்சிக்குப் போனதும் சிறகை விரித்தபடியே அடுத்த வெப்பத் தூணை நோக்கிச் சரிந்து செல்கின்றன. சுற்றிலும் சமவெளி கிடக்க, கடல்மட்டத்திலிருந்து 800 மீட்டருக்கு மேல் தனியே நிமிர்ந்து நிற்கும் நம் மலை அவற்றுக்கு நல்லதோர் ஏணி. நீலவானில் தேடாதே, வெண்மேகத்தின்மீது தேடு என்றார். கண்ணைவிடக் காதை நம்பு என்றும் சொன்னார். அணில் விடாமல் கத்தினால், மைனாக்கள் திடீரென வாயடைத்துப் போனால், காக்கைகள் கூட்டமாக எழுந்து எதையோ துரத்தினால், தலையை உயர்த்த வேண்டும்.

முதலில் நம் ஊர்க்காரர்களை விலக்கக் கற்றேன். வால் பிளவுபட்டது கரும்பருந்து. தலையும் மார்பும் வெள்ளையாய், உடல் செங்காவியாய் இருப்பது செம்பருந்து. மரத்துக்கு மரம் பாயும் சிறியது வைரி. இவை எப்போதும் இங்கிருப்பவை. மூன்றாம் நாள் பத்தரை மணியளவில் வேறொன்று எழுந்தது. இரு கைகளையும் சற்றே உயர்த்திப் பிடித்தாற்போன்ற சிறகுகள், நீண்ட வால், வாலின் அடியில் ஒரு வெள்ளைப் பட்டை. பூனைப்பருந்து, பெண். முகட்டுக்கு மேலே புள்ளியாகும்வரை சுற்றியது. பிறகு வடக்கே சரிந்தது. "ஊருக்குப் போகிறது" என்றார் ஆசிரியர்.

மத்திய ஆசியப் புல்வெளிகளிலிருந்து, கசகசுத்தான் போன்ற நாடுகளிலிருந்து, பனிக்கு அஞ்சி வருகிற பறவை அது. நம் தீபத்திருநாளை ஒட்டிய மாதங்களில் இங்கே தரிசு நிலங்களின்மேல் தாழப் பறந்து வெட்டுக்கிளியும் ஓணானும் சிறு பறவைகளும் பிடித்துத் தின்கிறது. இரவில் புல்லுக்குள் தரையிலேயே கூட்டமாக உறங்குகிறது. பங்குனி, சித்திரையில் திரும்புகிறது. நான் கிணற்றடியில் கண்டதும் இவ்வினமே என்று இன்று நம்புகிறேன். பிணம் தேடியதாக நான் எழுதிய பறவை குஞ்சு பொரிக்க வீடு திரும்பிக்கொண்டிருந்தது!

இராசகோபுரத்தில் ஒரு மாசி மாதம் முழுவதும் பைரி ஒன்று தங்கியதையும் கண்டேன். கோபுரப் புறாக்கள்தாம் அதற்கு இரை. பாய்கையில் மணிக்கு 300 கிலோமீட்டரையும் கடக்கும் வேகம் அதனுடையது. பங்குனி உத்திரத்திற்குள் அதுவும் போயிற்று.

நம் முன்னோர் பெயரறிந்து பார்த்தவர்கள். குறுந்தொகையில் எழால் தாக்குகிறது. துணை பிரிந்த வங்காப் பேடை கூவுகிறது. பாலைப் பாட்டில் பருந்தும் எருவையும் தனித்தனியே வருகின்றன. சத்திமுத்தப் புலவர் நாரையைத் தூது விட்டபோது, குமரியிலிருந்து அது வடக்கே திரும்பும் வழியையும் அறிந்தே விட்டார். நாமோ வளைந்த அலகு கண்டால் கழுகு என்று எழுதிவிடுகிறோம். இந்த மலர்களைப் புரட்டினேன். என்னைப்போல் இன்னும் சிலர் இருக்கிறீர்கள்.

உண்மையான கழுகின் கதை வேறு. திருக்கழுக்குன்றத்தில் நண்பகல்தோறும் இரு பறவைகள் வந்து அர்ச்சகர் கையமுது உண்டன. அவை மஞ்சள்முகப் பாறுகள். காசியில் நீராடி, இராமேசுவரத்தில் தொழுது வருகின்றன என்பது மக்கள் வழக்கு. 1990களோடு அவ்வரவு நின்றது. அதே ஆண்டுகளில் இந்தியா முழுவதும் பாறு இனங்கள் சரிந்தன; வெண்முதுகுப் பாறுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் மாண்டன. மாடுகளுக்குப் போட்ட டைக்குளோபினாக் என்னும் வலிமருந்து, இறந்த மாட்டின் வழியே அவற்றின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. 2006இல் கால்நடைகளுக்கு அம்மருந்து தடை செய்யப்பட்டது. இன்று தமிழகத்தில் பாறுகளைக் காண முதுமலைப் பக்கம், மாயாற்றுப் பள்ளத்தாக்குக்குப் போகவேண்டும். பிணம் தேடும் கழுகு என்று நான் எழுதிய நாளில், அக்கழுகு இவ்வூர் வானில் இல்லவே இல்லை.

என் தோட்டத்திற்கு எதிரே இருந்த மணிலாக் கொல்லைத் தரிசில் இப்போது மனைக்கற்கள் நட்டிருக்கிறார்கள். இரண்டு பங்குனியாக அங்கிருந்து எதுவும் எழவில்லை. மலைக்கு அப்பாலிருந்து வருபவற்றையே பார்க்கிறேன். ஆசிரியர் இன்று நம்மிடையே இல்லை. அவருடைய தொலைநோக்கி என்னிடம் இருக்கிறது.

மலர்க் குழுவினருக்கு ஒரு விண்ணப்பம். முதல் மலரின் என் கவிதையை மறுபதிப்பில் சேர்க்க வேண்டாம். அடுத்த பங்குனியில் ஒரு ஞாயிறு, காலை ஒன்பது மணிக்கு, வட்டத்தின் கூட்டம் என் தோட்டத்தில் நடக்கட்டும். மோர் தருகிறேன். தாளும் பேனாவும் கொண்டுவர வேண்டாம்.