குளிர்காலத் தையல்: எல்லாக் கைகளுக்கும் வேலை உண்டு

(மாதர் ஐக்கிய சங்கத்தின் குளிர்காலத் தையல் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மார்கழிப் பனி இறங்கும்போது நம் வீடுகளில் தையல் கூடை பரணிலிருந்து கீழே வருகிறது. அப்போதெல்லாம் இரண்டு பேச்சுகளைக் கேட்கிறோம். "எனக்கு அவ்வளவாகத் தைக்க வராது அம்மா" என்பது ஒன்று. "ஆஸ்பத்திரிக்கு என்ன தைத்துக் கொடுத்தால் பயன்படும்?" என்பது மற்றொன்று. இரண்டாவது கேள்விக்குச் சரியான பதில் தெரிந்துவிட்டால் முதல் கவலை தானாகவே போய்விடும். குளிரில் உயிரைக் காக்கும் துணிகளில் பெரும்பாலானவற்றுக்கு மிகவும் எளிய தையலே போதும். இதைத்தான் இன்று சொல்ல விரும்புகிறேன்.

துணி எப்படிச் சூடு தருகிறது என்று முதலில் பார்ப்போம். துணிக்குச் சொந்தமாகச் சூடு கிடையாது. நம் உடம்பின் சூடு வெளியே போகாமல் அது தடுத்து வைக்கிறது. தடுப்பதும் நூல் அல்ல, நூலுக்கும் நூலுக்கும் நடுவே, அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவே அசையாமல் நிற்கும் காற்றுதான். ஆகவேதான் கனமான ஒரே துணியைவிட மெல்லிய துணிகள் மூன்று சேர்ந்தால் அதிகக் கதகதப்பு. துணி ஈரமானால் காற்று இருந்த இடத்தில் தண்ணீர் வந்துவிடும். அப்போது அதே துணி சூட்டை உறிஞ்சி வெளியே தள்ளும். 

இது யாருக்கு அதிகமாகப் பொருந்துகிறது? இன்று பிறந்த குழந்தைக்கு. பச்சைக் குழந்தையின் உடல் வெப்பம் 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் உடல் குளிர்ந்துவிட்டது என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். நமக்குக் குளிர்ந்தால் நடுங்குகிறோம், அந்த நடுக்கமே சூட்டை உண்டாக்குகிறது. பச்சைக் குழந்தைக்கு அப்படி நடுங்கத் தெரியாது. அதன் தலையோ உடம்பின் நீளத்தில் ஏறக்குறைய கால் பங்கு. நமக்கு எட்டில் ஒரு பங்குதான். அந்த ஈரத் தலை வழியாகச் சூடு வேகமாக வெளியேறுகிறது. குறைமாதத்தில் பிறந்திருந்தால் தோலுக்கடியில் கொழுப்பும் குறைவு.

"இது ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் சொல்லவேண்டிய பேச்சு, எங்கள் ஊர் வெயிலுக்கு என்ன?" என்று நினைக்கவேண்டாம். வெயில் ஊரிலும் மின்விசிறிக்குக் கீழே, துடைக்காத உடம்போடு கிடக்கும் குழந்தை குளிர்ந்துபோகும். பிரசவ அறையின் வெப்பம் 25 டிகிரிக்குக் குறையக்கூடாது என்றும், முதல் குளியலை 24 மணி நேரம் தள்ளிப்போட வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

தென் அமெரிக்காவில் கொலம்பியா நாட்டின் தலைநகர் போகோட்டா. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,600 மீட்டர் உயரம். நம் உதகமண்டலத்தைவிட உயரமான, குளிர்ந்த நகரம். அங்கே ஓர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் இன்குபேட்டர்கள் போதாமல், குறைமாதக் குழந்தைகளை ஒரே பெட்டியில் சேர்த்துப் படுக்கவைத்து வந்தார்கள். 1978 இல் எட்கர் ரே என்ற மருத்துவர், குழந்தையைத் தாயின் மார்போடு தோலும் தோலும் ஒட்ட நிமிர்த்திக் கட்டிவைக்கும் முறையைத் தொடங்கினார். கங்காரு தன் குட்டியைப் பையில் சுமப்பதுபோல் இருந்ததால் அதற்குக் கங்காரு பராமரிப்பு என்று பெயர் வந்தது. இந்தியாவையும் ஆப்பிரிக்க நாடுகள் நான்கையும் சேர்ந்த மருத்துவமனைகளில் செய்த ஓர் ஆய்வு 2021 இல் வெளிவந்தது. 1.8 கிலோவுக்குக் குறைந்த எடையுள்ள குழந்தைகளைப் பிறந்த உடனேயே இவ்விதமாய் வைத்தபோது, முதல் 28 நாட்களில் இறந்தவர்கள் நூற்றுக்கு 12 பேர். உடல்நிலை சீரானபிறகே இப்படி வைத்தபோது நூற்றுக்கு ஏறக்குறைய 16 பேர். 2022 முதல், பிறந்த உடனேயே இதைத் தொடங்கும்படி உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது.

ஆக, உலகத்திலேயே சிறந்த கதகதப்பு தாயின் மார்புதான். நம் தையல் அதற்குத் துணை நிற்கிறது. அப்படிக் கட்டிவைக்கப்பட்ட குழந்தைக்குத் தேவையானவை கொஞ்சம்: தலைக்கு ஒரு குல்லா, காலுக்குக் காலுறை, இடுப்புத்துணி, அறை குளிர்ந்தால் கையில்லாத ஒரு ஜபலா, இருவரையும் சேர்த்துக் கட்ட ஒரு கட்டுத்துணி, தாயின்மேல் போர்த்த ஒரு போர்வை. இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு யார் எதைச் செய்யலாம் என்று பார்ப்போம்.

முதலாவது, ஊசியில் நூல் கோக்க மட்டும் தெரிந்தவர்கள். உங்களுக்கு உரியது போர்வை. பழைய பருத்திச் சேலை, வேட்டி இவற்றை நன்றாகத் துவைத்து மூன்று நான்கு அடுக்காகத் தரையில் விரியுங்கள். சுருக்கம் நீவிவிட்டு, அடுக்குகள் நகராதபடி அங்கங்கே பெரிய தையல் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு இரண்டு விரல் இடைவெளி விட்டு, வரிசை வரிசையாக ஓட்டத் தையல். ஊசி மேலே வந்து கீழே போகிறது, அவ்வளவுதான். வங்காளத்துப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் காந்தா இதுவே. நம்முடைய கந்தை என்ற சொல்லுக்கு உறவான பெயர் அது. பழஞ்சேலைகளை அடுக்கி, சேலைக்கரையிலிருந்து உருவிய நூலாலேயே தைப்பது அவர்கள் வழக்கம்.

கர்நாடகத்தில் உத்தர கன்னட மாவட்டத்தில் சித்தி மக்கள் வாழ்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள். அவர்களுடைய பெண்கள் கிழிந்த துணிகளைக் கொண்டு 'கவந்தி' என்னும் ஒட்டுத்துணிப் போர்வை தைக்கிறார்கள். ஒரு மூலையில் ஆரம்பித்து, ஓரம் சுற்றி, உள்ளே உள்ளே வந்து நடுவில் முடிப்பார்கள். நான்கு மூலையிலும் மடித்த சிறு துணித்துண்டுகளைப் பூப்போல வைத்துத் தைத்தால்தான் போர்வை முழுமையானது என்பது அவர்கள் எண்ணம். எளிய தையல்தான், ஆனால் அவசரவேலை அல்ல.

இரண்டாவது, பின்னல் ஊசி பிடிக்கப் பழகுகிறவர்கள். குல்லாவை வட்டமாகப் பின்னத் தெரியவேண்டியதில்லை. நீள்சதுரமாக ஒரு துண்டு பின்னுங்கள். எல்லா வரிசையும் ஒரே பின்னலாக இருந்தால் நன்றாக இழுத்துக்கொடுக்கும். பக்கங்களைச் சேர்த்துத் தைத்து, மேல் வரிசைக் கண்களில் நூலைக் கோத்து இழுத்து இறுக்கி முடிந்துவிட்டால் குல்லா தயார். மாதம் நிறைந்த குழந்தையின் தலைச்சுற்றளவு ஏறக்குறைய 35 செ.மீ.; எட்டு வாரம் முந்திப் பிறந்த குழந்தைக்கு ஏறக்குறைய 29 செ.மீ. குல்லா தலையைப் பிடித்து நிற்கவேண்டும் என்பதால், பெரியதற்கு 30 செ.மீ. அகலமும் 18 செ.மீ. உயரமும், சிறியதற்கு 24 செ.மீ. அகலமும் 15 செ.மீ. உயரமும் போதும். ஒரே அளவில் இரண்டிரண்டாகப் பின்னுங்கள். ஒன்று நனைந்தால் உடனே மாற்ற இன்னொன்று வேண்டும்.

மூன்றாவது, தையல் இயந்திரம் உள்ளவர்கள். ஜபலாவும் கட்டுத்துணியும் உங்கள் பங்கு. ஜபலா கையில்லாமல், முன்பக்கம் முழுவதும் திறந்ததாக இருக்கட்டும். அப்போதுதான் அதை விலக்கிக் குழந்தையைத் தாயின் தோலோடு சேர்க்க முடியும். துணியை வெட்டுமுன் ஒருமுறை துவைத்துவிடுங்கள். கஞ்சியும் போகும், பின்னால் சுருங்கவும் செய்யாது. கட்டுத்துணியின் அளவை வார்டு நர்ஸிடம் கேட்டுத் தையுங்கள். அதன் மேல் விளிம்பு குழந்தையின் காதுக்குச் சற்றுக் கீழே நிற்கவேண்டும். முகம் எப்போதும் திறந்திருக்கவேண்டும்.

நான்காவது, கைதேர்ந்தவர்கள். நீலகிரியின் குளிரில் தோடர் இனப் பெண்கள் பூத்குளி என்னும் போர்வையில் செய்யும் வேலையைப் பாருங்கள். வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமாக, கோடு வரைந்துகொள்ளாமல், இழைகளை எண்ணி எண்ணியே பூவேலை செய்கிறார்கள். 2013 இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. உங்களைப்போன்றவர்களின் வேலையை விற்பனை மேசைக்குக் கொடுங்கள். லேஸ் குளிர் தாங்காது என்பது உண்மை. ஆனாலும் 1819 இல் நாகர்கோவிலுக்கு வந்த மார்த்தா மால்ட் அம்மையார் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அடிமைத்தனத்தில் இருந்த பெண்கள் சிலர் அந்த வருமானத்தைக் கொண்டு தங்கள் விடுதலையை வாங்கினார்கள். அவருடைய மகள் எலிசா, கால்டுவெல் ஐயரை மணந்து இடையன்குடிக்குப் போய் அங்கும் இந்த வேலையைத் தொடங்கினார். அழகான வேலையின் விலை பத்துப் பேருக்குப் போர்வையாக மாறலாம். உங்கள் திறமை இன்னொரு விதத்திலும் உதவும்: பக்கத்தில் ஒரு புதியவரை உட்காரவைத்துக் கற்றுக்கொடுங்கள்.

இனி எச்சரிக்கையாகச் சில வார்த்தைகள். அன்போடு செய்த பொருளும் குழந்தைக்குத் தீங்காகலாம்.

கையுறை, காலுறைகளின் உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். தொங்கும் ஒரு நூலிழை சிறுவிரலில் சுற்றிக்கொண்டால் இரத்த ஓட்டம் நின்றுபோகும். பேசத் தெரியாத குழந்தை அழத்தான் செய்யும். காரணம் யாருக்கும் தெரியாது. பொத்தான், மணி, நூல்பந்து எதுவும் வேண்டாம். பிய்ந்தால் வாய்க்குள் போகும். நாடா அரைச் சாணுக்குமேல் வேண்டாம். ஓட்டை ஓட்டையான பின்னலில் விரல் மாட்டும். மயிர்போல் பறக்கும் நூல் மூக்கில் ஏறும். மருத்துவமனைத் துணி சுடுதண்ணீரில் வெளுக்கப்படும் என்பதையும் நினைவில் வையுங்கள். கம்பளி நூல் அதில் சுருங்கிக் கெட்டியாகிவிடும். பருத்தி நூல் தாங்கும். கனத்த போர்வை தாய்க்கும் முதியோருக்கும் உரியது. தனியே தூங்கும் கைக்குழந்தையின்மேல் அதைப் போடக்கூடாது, மூச்சு முட்டும்.

யோப்பா பட்டணத்துத் தொற்காளை நாம் அறிவோம். அவள் இறந்த வீட்டில் விதவைகள் அழுதுகொண்டே பேதுருவுக்கு எதைக் காட்டினார்கள்? அவள் உயிரோடிருந்தபோது தைத்துக்கொடுத்த உடைகளை. யாருக்காகத் தைத்தாளோ அவர்கள் கையிலேயே அவை இருந்தன. நம் தையலுக்கும் அதுவே அளவுகோலாக இருக்கட்டும். மேசையில் விரித்தால் அழகாயிருக்கிறதா என்று பார்ப்பதோடு நின்றுவிடாமல், யார் அணியப்போகிறார், எத்தனை முறை துவைக்கப்போகிறார்கள், இரவில் ஒரு நர்ஸ் அதை ஒரு கையால் மாட்ட முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள்.

ஒவ்வொரு பொருளோடும் அளவை ஒரு சீட்டில் எழுதி வையுங்கள். குல்லா, காலுறைகளைத் துவைத்து, வெயிலில் உலர்த்தி, சுத்தமான பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். தைக்க நேரமில்லாதவர்கள் பழைய பருத்திச் சேலையைத் துவைத்து அனுப்பினாலும் போதும். கண் மங்கிய பாட்டிமார் உங்கள் வீட்டில் இருந்தால், பிள்ளைகளை அவர்களுக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். ஓட்டத் தையலை விரல்களே வழிநடத்திக்கொள்ளும்.

 அடுத்த அறையில் சேலைகள் விரித்துவைக்கப்பட்டிருக்கின்றன, ஊசியும் இருக்கிறது. வாருங்கள், ஆரம்பிப்போம்.