சொல் நின்ற இடம்



உயர்தர வகுப்பில் அணியிலக்கணம் கற்பிக்கும்போது, அணியின் பெயர், இலக்கணம், உதாரணம் ஆகிய மூன்றையும் எழுதவைத்து மனனஞ் செய்யச் சொல்வது என் வழக்கம். பரீட்சையில் புள்ளி அதற்குத்தானே! ஒருநாள் பின்வாங்கிலிருந்த மாணவன் ஒருவன், "சேர், இந்த அணியை எடுத்துவிட்டால் பாட்டில் என்ன குறையும்?" என்று கேட்டான். "அழகு குறையும்" என்றேன். அம்மறுமொழி அவனுக்கும் போதவில்லை, எனக்கும் போதவில்லை.

போதுமான மறுமொழி எனக்கு இலத்தீன் மொழியிலிருந்து கிடைத்தது. நான் அம்மொழியை முறையாகக் கற்றவனல்லன். மேலைச் செவ்வியல் பயின்ற நண்பர் ஒருவர் சொல்லுக்குச் சொல் விளக்க, ஹொரேசின் பாடலொன்றைப் படித்தேன்.

ஹொரேஸ் கி.மு. 65 முதல் கி.மு. 8 வரை வாழ்ந்த உரோமக் கவிஞர். அவரது பாடல்களின் முதல் நூலில் ஐந்தாவது பாடல் பிர்ரா என்ற பெண்ணை நோக்கியது. அதன் முதலடியில் ஏழு சொற்கள். சரி நடுவே, நான்காவதாக, அவளைக் குறிக்கும் 'உன்னை' என்ற சொல் நிற்கிறது. அதன் இரு மருங்கிலும் இளைஞன் என்ற பெயரும் அவனுக்குரிய அடைமொழியும். அவற்றுக்கும் வெளியே ரோசா என்ற பெயரும் அதற்குரிய அடைமொழியும். அணைத்தலைக் கூறும் வினைச்சொல் அடுத்த அடியில்தான் வருகிறது. அதற்கு முன்னரே சொற்கள் அணைத்துவிட்டன!

இலத்தீனில் அடைமொழியும் பால், எண், வேற்றுமை ஆகியவற்றில் பெயரோடு ஒத்து உருபேற்கும். ஆகையால் இரண்டையும் தூரத் தூர நிறுத்தினாலும் எது எதற்குரியது என்பது தெரிந்துவிடும். இவ்வாறு பிரித்து நிறுத்துவதை அணிநூலார் ஹைப்பர்பற்றன் என்ற கிரேக்கப் பெயரால் வழங்குவர். நமது பெயரெச்சத்துக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. ஆங்கிலத்துக்கும் இல்லை. மில்டன் பெருங்கவிஞர், இப்பாடலைக் கிட்டத்தட்டச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து 1673 இல் வெளியிட்டார். அவராலும் அந்தப் பெண்ணை ரோசாக்களின் நடுவே நிறுத்த முடியவில்லை.

நன்னூலார் கூறும் எண்வகைப் பொருள்கோளுள் கொண்டுகூட்டும் ஒன்று. பிரிந்து கிடக்கும் சொற்களைக் கூட்டி அன்வயப்படுத்தியதும் நம் வேலை முடிந்ததென்று எழுந்துவிடுகிறோம். ஹொரேசின் அடியை அன்வயப்படுத்தினாலோ படமே கலைந்துவிடுகிறது.

வேர்ஜில் இதே வேலையை ஓசையால் செய்தவர். அவரது யாப்பில் அடிக்கு ஆறு சீர். ஒரு நெட்டசைக்கு இரண்டு குற்றசை சமம். 'ஈனியட்' காவியத்தின் எட்டாம் காண்டத்தில் குதிரை வீரர் விரையும்போது, முதல் ஐந்து சீரிலும் குற்றசைகள் இணையிணையாக ஓடுகின்றன. அதே காண்டத்தில் ஒற்றைக்கண் அரக்கர் பட்டறையில் சம்மட்டி தூக்கும் அடியிலோ, முதல் நான்கு சீரும் முழுக்க நெட்டசை. வாசிப்பவனுக்கே கை கனக்கும்.

உரைநடையில் சிசரோவைச் சொல்லாமல் விடலாகாது. ஒரே சொல்லை முதலாகக்கொண்டு தொடர்களை அடுக்குவதும், 'அதைப்பற்றிப் பேசமாட்டேன்' என்று கூறிக்கொண்டே அதைப் பேசிவிடுவதும் அவருக்குக் கைவந்த கலை. மார்க் அன்ரனியைத் தாக்கிப் பேசிய அவரைக் கி.மு. 43 இல் கொன்று, தலையை உரோமின் பேச்சு மேடையிலேயே பார்வைக்கு வைத்தார்கள். அவருடைய பேச்சைப் பகைவர் வெறும் அலங்காரமாக எண்ணவில்லை போலும்.

கேள்வி கேட்ட மாணவன் பள்ளியை விட்டுப் போய்விட்டான். இவ்வாண்டு மாணவர்களுக்குக் கரும்பலகையில் ஏழு கட்டங்கள் கீறி, ஹொரேசின் சொற்களுக்குரிய பொருளை அவர் வைத்த வரிசையிலேயே எழுதினேன். கீழே அதையே தமிழ் உரைநடை ஒழுங்கில் மாற்றி எழுதி, "என்ன குறைந்தது?" என்று கேட்டேன். சற்றுநேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு ஒருவன் சொன்னான்: "அந்தப் பிள்ளை வெளியே வந்துவிட்டாள், சேர்."