நட்டம் யார் கணக்கில்?

போடி நகரத்துப் பெரியோர்களே, ஏலத்தோட்டத்தில் காய் எடுத்துவிட்டு, ஜீப்பை விட்டு இறங்கிய கையோடு இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே!

மன்னிப்பைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். மலைக்கு அந்தப்பக்கத்துக் கதை ஒன்று சொல்கிறேன். போடிமெட்டு ஏறி, பூப்பாறை, மூணாறு, அடிமாலி தாண்டி, கோதமங்கலத்தில் இறங்கிப் போனால் பெரும்பாவூர். அதன் பக்கத்தில் புல்லுவழி. அந்த ஊர் விவசாயக் குடும்பத்துப் பெண்தான் அருட்சகோதரி ராணி மரியா. மத்தியப் பிரதேசத்து உதய்நகரில், வட்டிக்காரர்களிடம் சிக்கிக் கிடந்த ஏழை விவசாயிகளுக்கு வங்கிக் கடன் வாங்க வழி காட்டினார். வட்டிக்காரனுக்குப் பொறுக்குமா? 1995 பிப்ரவரி 25. பேருந்தில், அத்தனை பேர் பார்த்திருக்க, சமுந்தர் சிங் என்ற இளைஞன் அவரைக் கத்தியால் குத்திக் கொன்றான். ஏவிவிடப்பட்டவன். ராணி மரியாவுக்கு வயது 41.

அவனுக்கு ஆயுள் தண்டனை. 2002இல் சிறைக்கு ஒரு கன்னியாஸ்திரி வந்தார். இறந்தவரின் கூடப்பிறந்த தங்கை, செல்மி பால். அக்காளைக் கொன்ற கையில் ராக்கி கட்டி, சகோதரன் என்று உறவு சொன்னார்! விடுதலை கேட்ட மனுவில் அந்தக் குடும்பமே கையெழுத்துப் போட்டது. 2006இல் வெளியே வந்தார் சமுந்தர் சிங்.

ஏலக்காய் வியாபாரி ஒருவர் பேரேட்டில் ஒரு கடனை அடித்துவிட்டால் அந்தப் பணம் ஆவியாகவா போகிறது? அவர் கைமுதலில் அல்லவா விழுகிறது! மன்னிப்பும் அப்படித்தான். நட்டத்தை ஒருவர் ஏற்றே ஆக வேண்டும். சிலுவையில் நடந்ததும் அதுதான். கோபக்காரக் கடவுளைக் குளிரவைக்கக் கொடுத்த ரத்தப்பலி என்று சிலுவையைச் சிலர் பிரசங்கிக்கிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. மனிதனின் கடனைக் கடவுளே தன் கணக்கில் எழுதிக்கொண்ட இடம் அது. கடன்பட்டவன் எதையும் கட்டித் தீர்க்கவில்லை. அதனால்தான் அதற்குக் கிருபை என்று பெயர்.

'கொலைகாரனைச் சும்மா விடுவதா?' என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். சும்மா விடவில்லையே! பதினோரு வருடம் போலச் சிறையில் இருந்தார். சட்டம் தன் வேலையைச் செய்தது. அந்தக் குடும்பம் செய்தது சட்டத்தால் முடியாத வேலை.

'துறவிகளுக்குச் சரி, குடும்பஸ்தர்களால் ஆகுமா?' என்றும் கேட்பீர்கள். விடுதலையான பிறகு சமுந்தர் சிங் புல்லுவழிக்கே போனார். மகளைப் பறிகொடுத்த தாய் எலீஸ்வா அந்தக் கைகளைப் பிடித்து முத்தமிட்டார். அந்த அம்மா துறவி இல்லை.