வெரோனா மன்னனின் நீதி
(ஒரு கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



ஷேக்ஸ்பியரின் 'ரோமியோ - ஜூலியத்' நாடகம் 1597-ல் அச்சேறியது. நானூறு ஆண்டுகள் கடந்தும் ஜனங்கள் அதைப் பார்த்துக் கண்ணீர் விடுகிறார்கள். காதலர்களுக்காக அழுவது நியாயமே. ஆனால் மூன்றே தடவை மேடைக்கு வந்து போகும் ஒருவனை நாம் கவனிப்பதில்லை. வெரோனா நகரை ஆளும் எஸ்கலஸ்தான் அவன். இன்று அவனைப் பற்றிப் பேசுவோம்.

கதை தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. வெரோனா இத்தாலியில் உள்ள நகரம். அங்கே மாண்டேக்யூ, கேபுலெட் என்று இரண்டு பணக்காரக் குடும்பங்கள். இரண்டுக்கும் பழம்பகை. என்ன காரணம்? நாடகம் அதைச் சொல்லவே இல்லை. மாண்டேக்யூ மகன் ரோமியோவும் கேபுலெட் மகள் ஜூலியத்தும் ரகசியமாக மணந்து கொள்கிறார்கள்.

முதல் காட்சியில் தெருச்சண்டை. முதலில் வாளை உருவுகிறவர்கள் யார்? இரு வீட்டு வேலைக்காரர்கள்! பகை எஜமானனுடையது; தலையைக் கொடுப்பவன் வேலையாள். இரு வீட்டார் மீதும் ஆத்திரங்கொண்டு ஊர்ஜனங்கள் தடியோடு வருகிறார்கள். அப்புறந்தான் மன்னன் வருகிறான். ஏற்கெனவே மூன்று கலகம் நடந்துவிட்டது, இன்னொன்று நடந்தால் உங்கள் உயிர் போகும் என்று குடும்பத் தலைவர்களை எச்சரித்துவிட்டுப் போகிறான்.

இரண்டாந் தடவை அவன் வரும்போது இரண்டு பிணங்கள். மன்னனின் உறவினன் மெர்குஷியோவை, கேபுலெட் வீட்டு டைபால்ட் கொன்றான். டைபால்டை ரோமியோ கொன்றான். மன்னன் என்ன செய்தான்? ரோமியோவை நாடு கடத்தினான். இரு குடும்பங்களுக்கும் அபராதம் என்றான். சொந்த உறவினன் விழுந்த பிறகுதான் அபராத யோசனையே வந்தது!

நாடு கடத்தியதிலிருந்து நாசம் தொடர்கிறது. ஜூலியத் சாகவில்லை, மருந்து குடித்து மயங்கியிருக்கிறாள் என்ற கடிதம் மாந்துவா நகருக்குப் போய்ச் சேரவில்லை. அதை எடுத்துச் சென்ற துறவியைக் கொள்ளைநோய்ப் பயத்தால் ஒரு வீட்டில் அடைத்துவிட்டார்கள். செத்தாள் என்ற பொய்ச் சேதி மட்டும் ரோமியோவை எட்டியது. அவன் விஷம் தேடுகிறான். விற்பவன் பட்டினியால் எலும்புந்தோலுமான மருந்துக்கடைக்காரன். விஷம் விற்றால் மரண தண்டனை என்பது அந்த ஊர்ச் சட்டம். அது அவனுக்குத் தெரியும். ஆனாலும் நாற்பது பொற்காசுகளுக்கு விற்கிறான். வயிறு விற்க வைக்கிறது.

மூன்றாந் தடவை மன்னன் கல்லறைக்கு வருகிறான். இதற்குள் ஆறு உயிர்கள் போய்விட்டன. கண்டுங் காணாமல் இருந்தது தன் தவறு என்று அவனே ஒப்புக் கொள்கிறான். ஆளுகிறவன் சபையில் இப்படிச் சொல்வது அபூர்வம். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் தண்டனை யாருக்கு? சிலருக்கு மன்னிப்பு, சிலருக்குத் தண்டனை என்கிறான். யார், யார் என்று சொல்லாமலே நாடகம் முடிகிறது.

ஷேக்ஸ்பியர் இந்தக் கதைக்கு ஆதாரமாகக் கொண்டது 1562-ல் ஆர்தர் புரூக் வெளியிட்ட நீண்ட கவிதை. விடை அதில் இருக்கிறது. மருந்துக்கடைக்காரனுக்குத் தூக்கு! ஜூலியத்தை வளர்த்த செவிலிக்கு நாடு கடத்தல்! பகையை வளர்த்த பெரியவர்கள் சமாதானமாகி வீடு திரும்புகிறார்கள். ஷேக்ஸ்பியர் நாடகத்திலோ, மாண்டேக்யூ ஜூலியத்துக்குப் பொன்சிலை வைப்பதாக வாக்களிக்கிறார், கேபுலெட்டும் பின்வாங்கவில்லை. ஒருவனை விஷம் விற்க வைத்தது பொன். பிள்ளைகளைப் பறிகொடுத்த பிறகு பெருமைக்கு நிற்பதும் பொன்!

தோழர்களே, பகையை வளர்த்தவனை விட்டுவிட்டுப் பசித்தவன் கழுத்தில் கயிற்றை மாட்டுவதை நீதி என்று நாம் ஒப்ப முடியுமா? அந்த நாடகத்தைப் பார்க்க நேர்ந்தால் காதலர்களுக்காக அழுங்கள். அழுது முடித்ததும், கடைசிப் பேச்சுப் பேசும் மன்னனைப் பார்த்து இந்தக் கேள்வியையும் கேளுங்கள்.